உள்ளே கவர்மெண்டு, வெளியே மாமா

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். என் விஷயத்தில் அது தப்புக் கணக்கு. ஆள் கால், ஆடை முக்கால். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு அரசு பஸ் ஓட்டியவன் நான். காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டேன் என்றால் போதும். எந்த வளைவில் கல் பெயர்ந்து கிடக்கிறது, எந்தத் திருப்பத்தில் யாருடைய எருமை குறுக்கே படுத்திருக்கும், எந்த நிறுத்தத்தில் யார் கை காட்டிவிட்டு ஏறாமல் நிற்பார்கள் என்பதெல்லாம் தானாக நினைவுக்கு வரும். அதே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டால், சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. "மூளையையும் சேத்து ஆணியில மாட்டிட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். கேட்கும்போது சிரிக்கக்கூட மாட்டாள்.

அவளுக்கு ஒரு தம்பி. களமருதூரில் நெல் பயிரிடுகிறவன். அவன் ஆசை ஆசையாக ஒரு மொபெட் வாங்கியிருந்தான். ஒரு விடுமுறை நாளில் வேட்டி கட்டிக்கொண்டு, அந்த மொபெட்டை இரவல் வாங்கி, சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவன், அந்த ஒரு ஆட்டுக்காக வாய்க்காலில் போய் விழுந்தேன். மொபெட்டில் பிரேக் கையில் இருக்கிறது என்பது மறந்துபோய்விட்டது. என் வலது கால் காற்றில் இரண்டு தட்டு தட்டி, மூன்றாவதில் அழுத்திப் பார்த்திருக்கிறது. பஸ்ஸில் எனக்கு அதுதான் பழக்கம். மொபெட்டின் கைப்பிடி கோணிக்கொண்டது. ஆடு நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தது.

நர்ஸாக இருக்கிற என் மகளிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது, "மூளை அப்டித்தாம்ப்பா. சட்டைய போட்டாதான் வேலைக்கு வந்துட்டோம்னு அதுக்குத் தெரியும். எனக்கும் யூனிஃபார்ம் இல்லாம ஊசி குத்தக் கை வராது" என்றாள். படித்த பிள்ளை சொன்ன பிறகு மனைவி கொஞ்சம் அடங்கினாள். நான் முப்பது வருஷமாகச் சொன்னதும் அதையேதான். ஆனால் நான் பனியனோடு உட்கார்ந்து சொன்னேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் இருந்தார். போலீஸ், ஃபாரஸ்ட், தபால், டிரைவர் எல்லாருக்கும் காக்கி தைப்பவர் அவர்தான். துணியைக் கொண்டுபோய்ப் போட்டதும் அளவு எடுக்க மாட்டார். "எந்தக் காக்கி?" என்று மட்டும் கேட்பார். போலீஸ் என்றால் உடம்போடு ஒட்டித் தைப்பார். டிரைவர் என்றால் கக்கத்தில் இரண்டு விரல் தளர்த்தி வைப்பார், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்க வேண்டுமே. "கிட்டத்துல பாத்தா வித்தியாசம் தெரியும்ங்க. தூரத்துல எல்லாம் ஒரே காக்கிதான்" என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் கல்வராயன் மலையில் எல்லாவற்றையும் தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் மலையில் சில பேர் கள்ளச்சாராயம் காய்ச்சுவார்கள். ஓடையோரம் பீப்பாயில் ஊறல் போட்டு, மேலே சருகைப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். எங்கேயாவது காக்கி தெரிந்தால் அந்தப் பக்கத்து ஆண்கள் மொத்தமும் காட்டுக்குள் போய்விடுவார்கள். சும்மா இருப்பவனும் ஓடுவான், நிற்பவனைத்தானே பிடிப்பார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. மலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கே நடந்தாலும் கண்டக்டரின் விசிலை ஊதிக்கொண்டே நடக்க வேண்டும். விசில் சத்தத்தோடு வந்தால் பஸ் காக்கி, சத்தமில்லாமல் வந்தால் போலீஸ் காக்கி. காலைக்கடனுக்குப் போகும்போதும் ஊதிக்கொண்டுதான் போனேன். என் பிழைப்பில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் மாலை வழக்கம்போல மலைக்குப் போய் பஸ்ஸோடு தங்கினோம், காலையில் முதல் டிரிப் இறங்க வேண்டும். காலையில் ஃபாரஸ்ட் ஆபீஸ் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. கீழே ரோட்டில் இருக்கிற புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். அரசு வண்டி எதுவும் ஓடக்கூடாது. மறு உத்தரவு வரும்வரை அங்கேயே இரு. மரம் வெட்டியவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள்தான். அவர்கள் கேட்டதில் எனக்கும் ஒரு மாறுபாடும் இல்லை. டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் எனக்கும் இருந்தான். ஆனால் மாற்றுச் சட்டை எடுத்துவரவில்லையே என்ற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் என் சட்டை என்னை விட்டுத் தனியாக நிற்கும் நிலைமைக்கு வந்துவிட்டது. டீக்கடைக்காரரிடம் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு, காக்கியை ஓடைக்கு எடுத்துப் போய் வெளுத்தேன். சட்டையையும் பேண்டையும் ஒரு உண்ணிச்செடிப் புதர்மேல் விரித்துப் போட்டுவிட்டு, மரத்தடியில் படுத்தேன். விசில் கண்டக்டரிடம் இருந்தது. லுங்கியில் இருப்பவன் எதற்கு விசில் ஊத வேண்டும் என்று நினைத்தேன். சட்டைக்கும் விசில் ஊதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்விழித்தபோது புதர்மேல் துணி இல்லை. எதிர்ச் சரிவில் இருந்த நாலைந்து வீடுகளிலும் ஆண்கள் யாரும் இல்லை. பெண்கள் மட்டும் வாசலில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்குப் போனதும் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"புதர்ல போலீஸு குந்திகினு இருக்குதுன்னு எல்லாரும் ஓடிட்டானுங்க. உங்க சட்டையா அது?"

"ஆமா. இப்ப சட்டை எங்க?"

"போலீஸ யாராச்சும் எடுத்துகினு போவாங்களா? எனக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண்டக்டரிடம் மாற்றுச் சட்டை இருந்தது. சங்கராபுரத்துக்காரன்; எதிலும் முன்ஜாக்கிரதை. ஆனால் உடம்பில் அவன் என்னில் பாதி. அவன் சட்டைக்குள் ஒரு கையை நுழைத்துவிட்டேன், இன்னொரு கைக்கு இடமில்லை. "வுட்டுடுங்கண்ணா, கிழிஞ்சிடும்" என்று அவன் கெஞ்சியதால் கழற்றிக்கொடுத்தேன். அரைச் சட்டைக்கு அரை மூளைகூட வரவில்லை.

அப்போதுதான் கூச்சல் கேட்டது. நாலு பேர் ஒரு ஆளைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பாம்பு கடித்திருந்தது. ஆள் யாரென்று பார்த்தேன். வாரா வாரம் என் பஸ்ஸில் கடுக்காய் மூட்டை ஏற்றுகிறவர். கடுக்காய்க்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கடுக்காயோடு அவருக்கு ஓடையோரம் வேறு தொழிலும் உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். வலது பாதம் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடி விரியன் என்றார்கள். மலையில் அதற்கு மருந்து கிடையாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இல்லை. போவதற்கு மலையில் இருந்தது ஒரே ஒரு வண்டி. என்னுடையது.

உத்தரவு இல்லாமல் வண்டியை எடுத்தால் வேலைக்கு வில்லங்கம் என்று கண்டக்டர் என்னைப் பார்த்தான். நான் அவர் பாதத்தைப் பார்த்தேன். பயமாக இருந்தது. "எடுடா வண்டிய" என்றேன். பிறகுதான் எடுக்க வேண்டியவன் நானே என்று நினைவு வந்தது.

சீட்டில் கால் நீட்டிப் படுக்க முடியாததால் கடுக்காய்க்காரரை முன்பக்கத் தரையில், கியர் கம்பிக்குப் பின்னால் படுக்க வைத்தோம். தலை என் சீட்டை ஒட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவருக்கு என் முகம் தெரியாது. கால் மட்டும் தெரியும். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஏறி சீட்டில் உட்கார்ந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டிரைவர் எப்ப வருவாரு?"

"நாந்தாம்மா டிரைவர்."

"நீங்க டீக்கடைல மாவாட்டறவரு இல்ல?"

இரண்டு வருஷமாக வாரா வாரம் அவளுக்காக நிறுத்தாத இடத்தில் வண்டியை நிறுத்தியவன் நான். கோபம் வந்தது. ஆனால் அவள்மேல் தப்பில்லை என்பது வண்டியைக் கிளப்பியதும் தெரிந்தது. கியர் கம்பியில் கை வைத்தால் அது யார் கையோபோல இருந்தது. கிளட்சை மிதித்தால் லுங்கியும் சேர்ந்து உள்ளே போனது. முதல் வளைவு எனக்கு மனப்பாடம்; ஒடித்து, கொஞ்சம் நேராக்கி, திரும்ப ஒடிக்க வேண்டும். எந்தப் பக்கம் முதலில் ஒடிப்பது என்பது மறந்துவிட்டது. வளைவின் நட்டநடுவில் வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்தது. கண்டக்டர் தேவையே இல்லாமல் விசிலை ஊதிக்கொண்டே இருந்தான். பின்னால் இருந்தவர்கள், "எறங்கி நடந்தே போயிடலாம்" என்றார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அதனால் வண்டியும் ஓடவில்லை. ஒரு மனுஷன் காலடியில் கிடந்து சாகிறான், எனக்கு என் தொழில் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அப்போது கீழேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"டிரைவர் சார்... ஒன்னு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்க சட்டை கீழ ரெண்டாவது வளைவாண்ட நிக்குது."

"நிக்குதா?"

"நிக்குது. பேண்டோட."

நடந்தது இதுதான். புதரில் இருப்பது வெறும் துணி என்று முதலில் கண்டுபிடித்தவர் கடுக்காய்க்காரர். அவருடைய ஊறலைப் பக்கத்துச் சரிவு ஆட்கள் கொஞ்ச நாளாகத் திருடிக்கொண்டிருந்தார்கள். காக்கியைப் பார்த்து ஊரே ஓடியதும் அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. என் சட்டையையும் பேண்டையும் எடுத்துப் போய், சாமை வைக்கோலைத் திணித்து, கொல்லைப் பொம்மை மாதிரி பீப்பாய்க்குக் காவல் நிறுத்திவிட்டார். திருட்டுச் சாராயத்துக்குத் திருட்டுப் போலீஸ் காவல். பொம்மைக்குக் கடைசியாக ஒரு கை வைக்கோல் போதாமல் பழைய போரில் கையை விட்டபோது, போருக்கு அடியில் படுத்திருந்த விரியன் பாதத்தில் கொத்திவிட்டது.

கண்டக்டர் இறங்கிச் சரிவில் ஓடினான். கொஞ்ச நேரத்தில், காக்கி போட்ட ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு பெண், "ஐயோ, போலீஸக் கொன்னுட்டாங்களா" என்றாள். பொம்மைக்குத் தலையாக மண்சட்டி. அதில் சுண்ணாம்பால் கண்ணும் மூக்கும் போட்டு, காதுவரை முறுக்கிய மீசையும் வரைந்திருந்தார் மனுஷன். எனக்கு இருந்தது எலி வால் மாதிரி ஒரு மீசை. சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வைக்கோலைப் பிடுங்கி எறிந்து, ரோட்டிலேயே நின்று உடுத்தினேன். சட்டை முழுக்க ஊறல் நாற்றம். உள்ளே ஒட்டியிருந்த வைக்கோல் உடம்பு முழுக்கக் குத்தியது. ஆனால் ஒவ்வொரு பொத்தானாகப் போடப் போட, தலைக்குள் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. முதலில் இடது, கொஞ்சம் நேர், பிறகு மறுபடி இடது. இதுகூடவா மறக்கும் என்று இருந்தது.

ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். "இப்பதான் டிரைவர் வந்தாரு" என்றாள் கடுக்காய்க்காரரின் மனைவி, நிம்மதியாக.

அன்று நான் இறங்கிய மாதிரி அந்த மலையை அதற்கு முன்னும் இறங்கியதில்லை, பின்னும் இறங்கியதில்லை. ஒரு வளைவில்கூட இரண்டாவது தடவை ஒடிக்கவில்லை. முதுகில் வைக்கோல் குத்துவதைச் சொறியக் கையை எடுக்கவில்லை. "தூங்காதீங்க, பேசிகினே வாங்க" என்று கடுக்காய்க்காரரைக் கண்டக்டர் தட்டிக்கொண்டே வந்தான். அவரும் ஊறலுக்கு வேலம்பட்டை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கோமுகி அணைப் பக்கம் வரும்போது பேச்சு குழறியது. ஈறில் ரத்தம் கசிவதாக அவர் மனைவி சொன்னாள்.

கச்சிராயப்பாளையம் தாண்டியதும் முதல் மரம். ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் முன்னால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கல்லை எடுத்துவிட்டார்கள். "அண்ணா, சட்டைய கழட்டிடுங்க. காக்கிய கண்டா அடிக்கறாங்களாம்" என்று கண்டக்டர் தன் சட்டையை அவசரமாகக் கழற்றிப் பைக்குள் திணித்தான். நான் கழற்றவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கையில் கோடாரியோடு ஒருவன் முன்னால் வந்தான். பார்த்தால் என் மச்சான். மொபெட் மச்சான். களமருதூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"மாமா, நீங்களா? இன்னா இது, கவர்மெண்டு வண்டிய எடுத்துகினு வந்துட்டீங்க?"

"பாம்பு கடிச்ச ஆளு உள்ள இருக்காருடா. வழி வுடு."

படியில் ஏறி உள்ளே பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. இறங்கிப் போய் நாலு பேரோடு பேசிவிட்டு வந்தான்.

"ஆளுக்கு வழி வுடலாம் மாமா. காக்கிக்கு வுடக் கூடாதுன்னு எல்லாரும் கூடிப் பேசி வெச்சிருக்கறோம். அடுத்த மரத்துல இருக்கறவன் என்னை அடிப்பான். நீங்க சட்டைய கழட்டிடுங்க. மாமாவா போனீங்கன்னா ஒருத்தனும் கை வெக்க மாட்டான்."

"கழட்டினா வண்டி ஓடாது."

"சட்டையா மாமா வண்டி ஓட்டுது?"

"ஆமாண்டா. சட்டைதான் ஓட்டுது."

வேறு யாராக இருந்தாலும் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவன் கொஞ்சம் யோசித்தான். அவன் மொபெட்டின் கைப்பிடி அன்றுவரை கோணலாகத்தான் இருந்தது.

"ஆமா, அதுவும் சரிதான். கழட்ட வாணாம்" என்றான். தலையில் கட்டியிருந்த பெரிய துண்டை அவிழ்த்து என் தோளைச் சுற்றிப் போர்த்தினான். கழுத்துக் காலர்கூடத் தெரியாமல் இழுத்துச் சொருகினான். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "உள்ள கவர்மெண்டு, வெளிய மாமா. இப்ப போலாம்" என்றான்.

மரத்தை நகர்த்த முடியாது. நுனிப்பக்கக் கிளைகளை மட்டும் பத்துப் பேர் வெட்டி இழுத்துப் போட்டார்கள். ஒரு சக்கரம் ரோட்டில், ஒரு சக்கரம் வயலோரத்தில் வைத்து வண்டியைக் கடத்தினேன். மச்சான் படியில் தொற்றிக்கொண்டான். அடுத்தடுத்த மரங்களில், "எங்க மாமா வண்டி, வுடுங்க வுடுங்க" என்று கத்தினான். இரண்டாவது மரத்தில் யாரும் மதிக்கவில்லை. கண்டக்டரிடமிருந்து விசிலைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அதன் பிறகு அவன் குரலே வேறு. அரசாங்க வண்டியை மறிக்க வந்தவன், அரசாங்க விசிலை ஊதி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். விசிலுக்கும் அந்தக் குணம் உண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் ஒரு நர்ஸ் மட்டும் இருந்தாள். கடுக்காய்க்காரரை இறக்கி மேஜைமேல் போட்டோம். உள்பக்கக் கதவு வழியாக நீலக் கட்ட லுங்கியும் முண்டா பனியனும் போட்ட ஒருவர், வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து கடிபட்ட காலைத் தொட்டார். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"யோவ், கைய எடுய்யா. டாக்டரு வரட்டும்."

"நாந்தான்யா டாக்டர்" என்றார் அவர்.

கடுக்காய்க்காரரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. காலையில் என்னை மாவாட்டுகிறவர் என்று சொன்னதற்காக அவள்மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே செத்தது. மூன்று நாளாக ரோடு அடைப்பு, டோபி வரவில்லையாம் அவருக்கும். சுவர் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டை எடுத்து பனியன் மேலேயே மாட்டினார். பொத்தான் போடும்போது அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். நர்ஸிடம் அவர் சொன்ன அடுத்த வார்த்தையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. இனிமேல் பயமில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆள் பிழைத்தார். இரண்டு கால்விரல் போயிற்று. எனக்கு டிப்போவிலிருந்து மெமோ வந்தது: உத்தரவின்றி வண்டி எடுத்தது, சீருடையில் சாராய வாடை வீசியது. நாலு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். கொல்லைப் பொம்மையைப் பற்றி எழுதவில்லை. எழுதியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு மெமோ வந்திருக்கும். பிறகு என்னைத் தியாகதுருகம் பக்கம் வேறு ரூட்டுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை மலைக்குப் போகவில்லை.

ரிட்டயர் ஆகி நாலைந்து வருஷம் கழித்து, சும்மா ஒரு நாள் மலை பஸ்ஸில் ஏறினேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பயணியாக உட்கார்ந்து அந்த ரோட்டைப் பார்க்க ஆசை. கச்சிராயப்பாளையத்தில் விந்தி விந்தி நடக்கிற ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடுக்காய்க்காரர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். ஊர் பேர் தெரியாதவனைப் பார்த்துத் தலையாட்டுவது போலத் தலையாட்டினார்.

கொஞ்ச தூரம் போனதும், காக்கி போட்ட இளவட்ட டிரைவரைக் காட்டி, "இவரு மாதிரி ஒரு டிரைவர்தாங்க என் உசுர காப்பாத்தினாரு" என்று என்னிடமே கதையை ஆரம்பித்தார். முழுக்கச் சொன்னார். பாம்பு, மரம், துண்டு எல்லாம் வந்தது. "ஆளு வாட்டசாட்டமா இருப்பாரு. மீசை இப்டி, காது வரிக்கும்" என்று முறுக்கிக் காட்டினார். அது சட்டியில் அவர் சுண்ணாம்பால் வரைந்த மீசை. என் வயிறு எரிந்தது. உயிரைக் காப்பாற்றியவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நன்றியெல்லாம் ஒரு மண்சட்டிக்குப் போகிறது. நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேட்டியில் இருக்கிற நான் சொன்னால் எனக்கே நம்பிக்கை வராது போலிருந்தது.

முதல் வளைவு வந்தது. இளவட்டம் ஒரு கியர் அதிகமாக வைத்துக்கொண்டு வேகமாக வந்து திருப்பினான். என் வலது கால் தானாக நீண்டது. பஸ்ஸின் தகரத் தரையில் இரண்டு தட்டு தட்டி, மூன்றாவதில் அழுத்தியது.

பேசிக்கொண்டிருந்த பெரியவர் நிறுத்தினார். குனிந்து என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழங்கால்மேல் கையை வைத்தார்.

"டிரைவர் சார்" என்றார்.

"சட்டை இல்லாம எப்டித் தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"கீழ படுத்துகினு வழியெல்லாம் இந்தக் காலத்தான பாத்துகினு வந்தேன். அன்னிக்கு லுங்கி கட்டிகினு இருக்கும்போதே அது இப்டித்தான் தட்டிச்சி, ரெண்டு தட்டு, ஒரு அழுத்து. எங்க பொம்பள நம்பல. நீங்களும் நம்பாம அழுதீங்க. எனக்கு டிரைவர் காலுன்னு தெரிஞ்சி போச்சி. அதனாலதான் சட்டை இருக்கற எடத்த சொன்னேன். மாவாட்டறவரா இருந்தா சொல்லியிருப்பனா? ஊறல் இருக்கற எடமாச்சே."

அவர் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பஸ் இரண்டாவது வளைவுக்கு வந்தது. இருவரும் சேர்ந்து என் காலைப் பார்த்தோம்.